சோடாவுக்கு நிழல், ரவைக்கு வெயில்

போன மாதம் எங்கள் பழைய சுடுதிடலில் துப்பாக்கி ரவைகள் வைப்பதற்குப் புதிதாக ஒரு கட்டடம் திறந்தார்கள். சுவர் ஒரு முழத் தடிப்பு. உள்ளே குளிரூட்டி இரண்டு. ஒன்று களைத்தால் மற்றது ஓடும். கதவுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடியில் சிவப்பு இலக்கங்கள், உள்ளே எத்தனை பாகை வெப்பம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ற் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் இருத்தி, வடையும் தேநீரும் தந்தார்கள். அந்த அறைக்குள் கால் வைத்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம் தொழில் சம்பந்தமானது அல்ல. இப்படி ஒன்று என் வீட்டில் இருந்தால் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரமாட்டேன் என்பதுதான்.

இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் தம்பி மரியாதைக்காரர். என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: “சேர், உங்கடை காலத்திலை இதொண்டும் இல்லையே. ரவையை எதிலையிருந்து கூடக் காப்பாத்த வேண்டியிருந்தது? வெயிலிலையிருந்தோ, மழையிலையிருந்தோ?”

“சோடாவிலையிருந்து,” என்றேன்.

சுற்றி நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு இதுதான் சாபம்: சத்தியம் பண்ணிச் சொன்னாலும் சிரிப்பார்கள். பிறகு, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் சேர் என்றும் கேட்டார்கள். சரி, அந்தச் சோடாவைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இதில் சிரிக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. சிரிக்கக்கூடாத இடம் ஒன்றும் உண்டு. அந்த இடத்தில் அன்று நான் சிரித்தேன்.

என் தகப்பனார் மிஷன் பாடசாலையில் தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த கோயிலில் பிரசங்கமும் செய்வார். மூத்த மகன் போதகராவான் என்று நம்பியிருந்தவர். நான் பொலிஸில் சேர்ந்துவிட்டு வந்து நின்றபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பறவாயில்லை. ரெண்டு பேருக்கும் பாவிகளோடைதானே வேலை,” என்றார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் ஐந்து ரவை தந்து சுடச் சொன்னார்கள். சுட்டேன். என் இலக்கில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவனும் ஐந்துதான் சுட்டான். அவனுடைய இலக்கில் ஏழு ஓட்டை. அவனைக் கைதட்டிப் பாராட்டினார்கள். என்னுடைய மிச்சம் மூன்றும் எங்கே போயின என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. பயிற்சி முடிந்ததும் என்னைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். சுடத் தெரியாதவன் கையில் ரவை பத்திரமாக இருக்கும் என்று யாரோ புத்திசாலி கணக்குப் போட்டிருக்க வேண்டும். தெற்கிலும் மலைநாட்டிலும் களஞ்சியம் களஞ்சியமாகப் பெட்டி எண்ணி, தலை நரைத்து, கடைசியில் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றம் கிடைத்து வந்து சேர்ந்தேன்.

சுடுதிடல் மயிலிட்டிக்கு அப்பால், கடற்கரையோரம். வெள்ளைக் கல் நிலம். நண்பகலில் மேலேயிருந்து ஒரு வெயில், கீழேயிருந்து ஒரு வெயில். முந்நூறு மீற்றர் தூரத்தில் மண் அணை, அதன் முன்னால் இலக்குகள், அணைக்கு அப்பால் கடல். சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றினால் மீன்பிடி வள்ளங்கள் சுற்றிப் போகும். மரம் என்று சொல்ல நாலு பனை. பனை நிழலில் ஒரு பெட்டியை வைத்தால் அரை மணித்தியாலத்தில் நிழல் ஓரிடத்திலும் பெட்டி ஓரிடத்திலும் நிற்கும்.

ரவைக்கு வெயில் பட்டால் என்ன, அது என்ன ஐஸ்கிறீமா என்று கேட்பவர்கள் உண்டு. சூடேறிய ரவைக்குள் இருக்கும் மருந்து வேகமாக எரியும். குண்டு வழக்கத்தைவிட விசையாகப் போய், தூரத்து இலக்கில் உயர அடிக்கும். ஒரே பெட்டியில் மேல் அடுக்கு சூடும் கீழ் அடுக்கு குளிருமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். வெடித்த ரவையின் வெற்றுக் கோது துப்பாக்கிக்குள்ளேயே இறுகி, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கவும் கூடும். தொடர்ந்து சுட்டுக் கொதித்துப்போன துப்பாக்கிக்குள் ஒரு ரவையை விட்டுவிட்டு ஊர்க்கதை கதைத்துக்கொண்டு நின்றால், விசையைத் தொடாமலே அது வெடிக்கலாம். அதனால்தான் ஒரு அணி சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, ஆற விடுவது.

இவை எல்லாவற்றையும் எனக்குள் இறக்கியவர் இன்ஸ்பெக்டர் விமலரத்ன. மெலிந்த, உயர்ந்த மனிதர். சத்தம் போட்டதே கிடையாது. தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவர். நாங்கள் கதைக்கிற தமிழ் அவருக்கு அரைவாசிதான் விளங்கும், அவர் கதைக்கிற தமிழ் எங்களுக்கு முழுவதும் விளங்கும், ஆனால் பயமாக இருக்கும். செய்தி வாசிப்பவர் எங்களை நேரே பார்த்துக் கண்டிப்பதுபோல. கோபம் ஏற ஏறத் தமிழ் இன்னும் சுத்தமாகும். “நீங்கள்” என்றால் சாதாரணம். “தாங்கள்” என்று தொடங்கினால் யாரோ ஒருவருக்கு இடமாற்றம். என்னுடைய சிங்களத்தைக் கேட்டு அவர் எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பார் என்பது வேறு கதை.

அவருக்கு ஒரு பழக்கம். திடலுக்கு வந்து இறங்கியதும் யாருக்கும் வணக்கம் சொல்ல முன்னம் நேரே ரவைப் பெட்டியிடம் போவார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை மூடியில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் திரும்பி, “காலை வணக்கம்.”

“சேர், வெப்பமானி தொங்குதே, பேந்து ஏன் கை?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வெப்பமானி தான் இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்லும். பெட்டியின் சூட்டைப் பெட்டிதான் சொல்லும். நீங்களும் தொட்டுப் பாருங்கள்.”

ஓம் சேர் என்றேன். தொடுவதாகத்தான் நினைத்தேன்.

ரவைகளுக்கு நிழல் கட்டியது என்னோடு வேலை செய்த கொன்ஸ்ரபிள் குணசீலன். வலிகாமத்தில் வெங்காயம் செய்கிற குடும்பம். இன்ஸ்பெக்டர் ஒரு தகரக் கொட்டிலுக்கு எழுதிப் போட்டிருந்தார். குணசீலன் தலையில் அடித்துக்கொண்டான்.

“தகரமோ? அண்ணை, அது ரவையை வறுத்தெல்லோ தரும்! வெங்காயம் வைக்கிற மாதிரிக் கட்டுவம். வெங்காயத்துக்கும் ரவைக்கும் ஒரே குணம். சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது, காத்து வேணும்.”

அப்படியே கட்டினான். தென்னோலைக் கிடுகுக் கூரை, தாழ்வாரம் நன்றாகக் கீழிறங்கி. நாலு பக்கமும் காற்று. நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் பலகைப் பரண், சரியாக இரண்டு பெட்டி கொள்ளும். காற்று வருகிற பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று தொங்கும். பெட்டியில் படாமல், இரண்டு சாண் தள்ளி. பரணுக்கு மேலே வெப்பமானி. அரை மணிக்கொரு தடவை நான் அதைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் நேரமும் பாகையும் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு பெட்டி திறந்திருக்க மற்றது திறக்கக்கூடாது. ரவையைச் சுடப் போகிற நேரத்தில்தான் கையில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்து மணலில் பரப்பி வைக்கக்கூடாது. ஜீப்புக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது. இன்ஸ்பெக்டரின் சொல்லில், “கண்ணாடி மூடிய வாகனம் ஓர் அடுப்பு.”

இவ்வளவையும் எழுதியது, இதில் ஒன்றும் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை என்பதை நீங்கள் அறியத்தான்.

சித்திரை மாதம். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. அன்று தகுதிச் சூடு. புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலையில் நிரந்தரமாவதற்கு அதில் தேற வேண்டும். பத்து ரவை, குறித்த நேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், ஏழாவது இலக்கில் பட வேண்டும். மூன்று தடவை தவறினால் வீட்டுக்கு. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் பார்வையிட வருவதாக முதல் நாள் செய்தி வந்தது.

பெரியவருக்குக் குடிக்க ஏதாவது குளிராகக் கொடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்த மூளை. திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு கடையில் ஒரு பெட்டி சோடா, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தபடியே, ஈரச் சாக்கால் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினேன். இறக்கிய பிறகுதான் பார்க்கிறேன், திடலில் நிழல் என்பது ஒன்றே ஒன்று. அதில் இரண்டு ரவைப் பெட்டி இருக்கிறது.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். சோடாப் போத்தல் வெயிலில் வெடிக்கும். இது எனக்குத் தெரியும். ரவை வெயிலில் வெடிக்காது. இதுவும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மை. ஆகவே வெடிக்கிறதை நிழலிலும் வெடிக்காததை வெயிலிலும் வைப்பதுதானே முறை? இரண்டு உண்மைகளைக் கூட்டி இவ்வளவு பெரிய மடத்தனம் செய்யலாம் என்று எந்தப் பாடசாலையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு பெட்டி ஏற்கெனவே முதல் அணிக்காகத் திறந்திருந்தது. திறக்காத மற்றதைத் தூக்கினேன். ரவையைத் திறந்தவெளியில் விடக்கூடாது, பூட்டி வைக்க வேண்டும் என்பதும் ஒழுங்கு. ஒழுங்கை மீறுகிறவனா நான்? ஜீப்பின் பின் இருக்கையில் வைத்து, கண்ணாடி ஏற்றி, கதவைப் பூட்டினேன்.

“அண்ணை, உதென்ன செய்யிறியள்?” குணசீலன் ஓடி வந்தான். “இன்ஸ்பெக்டர் கண்டாரெண்டால்?”

“பத்து நிமிசம் தம்பி. பெரியவர் வந்து ஒரு சோடா குடிச்சாச் சரி. பேந்து மாத்திவிடுவம்.”

“வெங்காயத்தைக் கூட உப்பிடி வைக்கமாட்டம் அண்ணை.”

“அதுதானே, வெங்காயம் அழுகும். ரவை அழுகினதை எங்கையாவது கண்டனியோ?”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று சொன்னேனே.

பெரியவர் பத்து நிமிடத்தில் வரவில்லை. முதல் அணி சுட்டது. நான் அரை மணியானதும் கடமை தவறாமல் கொட்டிலுக்குப் போய் வெப்பமானியைப் பார்த்தேன். முப்பது பாகை. எழுதிக் கையொப்பம் வைத்தேன். கீழே பரணில் சோடா சுகமாகப் படுத்திருந்தது. மற்றதை ஜீப்பில் வைத்து நாற்பது நிமிடமானபோது, திறந்த பெட்டி முடிந்து, இரண்டாவது அணியைக் கூப்பிட்டார்கள். ஜீப்பிலிருந்து மற்றப் பெட்டியைக் கைபிடியில் பிடித்துத் தூக்கினேன். கைபிடியில் துணி சுற்றியிருக்கும்; சூடு தெரியாது. மூடியில் புறங்கையை வைக்கவில்லை. நேரமில்லை, இன்ஸ்பெக்டர் இலக்குப் பக்கம் நின்றார், பெரியவரின் வாகனம் வாசலில் தெரிந்தது. காரணங்களுக்கு என்ன குறைச்சல்.

இரண்டாவது அணியில் ஏழு பேர். குணசீலனும் வருடாந்தச் சூட்டுக்காக அதில் படுத்திருந்தான். வரிசையின் முதல் ஆள் நிரோசா, மயிலிட்டிக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. அவளுக்கு இது மூன்றாவது தடவை; அதாவது கடைசித் தடவை. இரண்டு மாதமாக வேலை முடிந்ததும் வெற்றுத் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்து மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். முதல் ஆள் ஆனபடியால் பெட்டியின் மேல் அடுக்கு அவள் கைக்குத்தான் போனது.

ரவைகளை வாங்கியவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சேர், ரவை கொதிக்குது.”

நான் கையை நீட்டி ஒரு ரவையைத் தொட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கை நீளவில்லை. வாய் நீண்டது.

“ரவைக்கில்லைப் பிள்ளை, உனக்குத்தான் காய்ச்சல். பயக் காய்ச்சல். ரெண்டு பனடோல் போட்டுட்டுச் சுடு!”

வரிசை முழுவதும் சிரித்தது; நானும் சிரித்தேன். குணசீலன்தான் பெரிதாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, குனிந்து, ரவைகளைப் போடத் தொடங்கினாள்.

முதல் மூன்று சூட்டுக்கும் இலக்குப் பள்ளத்திலிருந்து வட்டத்தட்டுத் தடி எழும்பவில்லை. பட்டால் பள்ளத்துக்குள் இருப்பவர் பட்ட இடத்தில் தட்டைத் தூக்கிக் காட்டுவார், எழும்பாவிட்டால் வெளியே. நாலாவது பட்டது. ஐந்தாவது சுட்டதும் கோது உள்ளே இறுகிவிட்டது. முறைப்படி துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, இழுத்து இழுத்துப் பார்த்தாள். பயிற்றுநர் ஓடி வந்து எடுத்துவிட்டார். மறுபடி ஒன்று இறுகியது. நேரம் முடிந்தபோது அவளிடம் இரண்டு ரவை சுடாமலே மிச்சம். பட்டது நாலு. மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். குணசீலனுக்கு ஒன்பது, அவன் ஆயுளில் கண்டிராத எண்ணிக்கை.

பெரியவர் கொட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். நல்ல குளிர் என்று என்னைப் பாராட்டினார். இன்ஸ்பெக்டர் மேசையில் பெறுபேற்றுத் தாளை விரித்தார். எழுத முன்னம், அவர் வழக்கப்படி, என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்.

“பதினொன்றரை மணி. முப்பது பாகை. உங்கள் பக்கம் குறையில்லை,” என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் புகழ்ச்சி அது.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம். பெட்டி இப்போது காலியாக, மூடி திறந்து, காற்றாடிக்கொண்டு நிற்கிறது. ஜீப்பைப் பற்றித் தெரிந்தவன் குணசீலன் ஒருவன்தான். அவன் வாய் திறந்தால் அவனுடைய ஒன்பதும் போய்விடும். ஏற்கெனவே இரண்டு தடவை தவறியவள் மூன்றாவது தடவையும் தவறியதில் யார் அதிசயப்படப் போகிறார்கள்? சூடுதான் காரணம் என்று யார்தான் சொல்ல முடியும்? மற்ற ஆறு பேரும் அதே பெட்டியில்தானே சுட்டார்கள்? இவ்வளவும் எனக்குச் சாதகமாக நிற்க, நான் நிரோசா இருந்த பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. ஆறுதல் சொல்ல என்று நினைத்திருப்பேன்.

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“தண்ணி குடிச்சனியோ பிள்ளை?”

“நான் சொன்னனான் சேர்.” துணி ஓடுகிறது, நிமிர்ந்து பார்க்கவில்லை. “ரவை கொதிக்குதெண்டு சொன்னனான். மூச்சும் சரியாத்தான் பிடிச்சனான். நீங்கள் சிரிச்சியள். எல்லாரும் சிரிச்சவை. பேந்து எனக்கும் என்ரை பயந்தானோ எண்டு வந்திட்டுது. எங்கடை தெருவிலை முதல் உத்தியோகம் என்ரைதான் சேர். இனி வீட்டை போய் என்னெண்டு சொல்லுறது? எனக்குக் காய்ச்சலெண்டோ?”

தகப்பனார் எத்தனையோ பிரசங்கம் செய்தவர். ஒன்றும் என்னை அசைத்ததில்லை. இது அசைத்தது.

மேசைக்குத் திரும்பிப் போனேன். இன்ஸ்பெக்டர் பேனையைத் திறந்திருந்தார்.

“சேர், அந்த முப்பது பாகை ரவையின்ரை இல்லை.”

“வேறு யாருடையது?”

“சோடாவின்ரை, சேர்.”

பேனை நின்றது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் சொன்னதையும் நான் சொன்ன பகிடியையும் சேர்த்தே சொன்னேன். பெரியவர் பாதிச் சோடாவோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவருக்குச் சிங்களத்தில் நாலு வசனம் சொன்னார். அவர் மெதுவாகப் போத்தலை மேசையில் வைத்து, கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். பிறகு அதைத் தொடவேயில்லை.

“சார்ஜன்ற் அவர்களே,” என்றார் இன்ஸ்பெக்டர். “தாங்கள் என்னுடன் வாருங்கள்.”

தாங்கள்!

வெப்பமானியைக் கழற்றிக்கொண்டார். ஜீப்பின் பின் கதவைத் திறந்து, பெட்டி இருந்த இடத்தை விரலால் காட்டச் சொன்னார். அங்கே வெப்பமானியை வைத்தார். “அறிக்கையில் எழுத வேண்டும். எத்தனை பாகை என்று எனக்குத் தெரிய வேண்டும். ஏறுங்கள்.”

“சேர், வெளியிலை நிண்டும் கண்ணாடியாலை பாக்கலாந்தானே?”

“பார்க்கலாம். தாங்கள் உள்ளே இருந்து வாசியுங்கள்.”

ஏறினேன். கதவு சாத்தப்படும் என்று பார்த்தால், மற்றப் பக்கத்தால் அவரும் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார். தொப்பியை மடியில் வைத்தார். கண்ணாடிகள் ஏற்றியபடி. பத்து நிமிடம். அவருடைய மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒழுங்கான இடைவெளியில் விழுந்தது. எனக்கு ஒழுங்கு ஒன்றும் இல்லை, அருவிதான். வெப்பமானி ஐம்பது வரைதான் காட்டும். சிவப்புக் கோடு ஏறிப்போய், போக இடமில்லாமல் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

“எத்தனை?” என்றார்.

“முடிஞ்சுது சேர். இதுக்கு மேலை இலக்கமில்லை.”

“அப்படியே எழுதுங்கள்.”

இறங்கினோம். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“சேர்,” என்றேன், “அந்தப் பிள்ளை தவறினது உதாலைதான் எண்டு நிச்சயமாச் சொல்ல ஏலாதே. மற்ற ஆறு பேரும் தேறினவைதானே.”

அவர் நின்று யோசித்தார். “நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள். அதை அந்தப் பெண் சுமக்கக்கூடாது.” ‘நாங்கள்’ என்றார். நான் இன்றுவரை அந்தச் சொல்லுக்குத் தகுதியானவனா என்று தெரியாது.

அந்த அணியின் பெறுபேறு முழுவதும் இரத்து என்று தீர்மானமாயிற்று. பழுதான ரவையில் தவறியது தவறியதல்ல என்றால், தேறியதும் தேறியதல்ல. ஏழு பேரும் மறுபடி சுட வேண்டும். தேறியிருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த வெப்பமானியிலும் இலக்கமில்லை.

“என்ரை ஒம்பது அண்ணை!” என்று குணசீலன் நெஞ்சில் கை வைத்தான். “நான் பிறந்ததிலையிருந்து ஒரு நாள்தான் ஒழுங்காச் சுட்டனான். அதையும் சோடா குடிச்சிட்டுதே!”

விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரவைப் பொறுப்பு என்னிடமிருந்து குணசீலனுக்குப் போனது. மறுசூட்டு நாளில் எனக்குக் கிடைத்த வேலை, சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று விழுந்த கோதுகளைப் பொறுக்குவது. அத்தனை வருடச் சேவைக்குப் பிறகு கோது பொறுக்குவது என்றால் கேவலம் என்று சிலர் அனுதாபப்பட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கேட்டு வாங்கினேன் என்பதுதான் உண்மை.

அன்று காலை இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியில் புறங்கை வைத்தார். குணசீலன் வைத்தான். நிரோசா ரவையை வாங்கிக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நான் பகிடி ஒன்றும் விடவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் அதைத்தான் அதிசயம் என்று சொல்வார்கள்.

அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு இருந்தேன். முதலாவது பட்டது. இரண்டாவது பட்டது. மூன்றாவது இல்லை. பிறகு இரண்டு பட்டது, ஒன்று இல்லை. ஒன்பது முடிந்தபோது பட்டது ஆறு. பத்தாவதுக்கு அவள் நெடுநேரம் எடுத்தாள். பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுடைய முதுகு மெல்ல ஏறி, பாதி இறங்கி, அசையாமல் நின்றது. சுட்டாள். கோது என் முழங்காலடியில் விழுந்தது. தட்டு எழும்பவில்லை. நான் அந்தக் கோதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு யாரோ “ஓம்!” என்று கத்தியது கேட்டது. நிமிர்ந்தேன். தடி, பள்ளத்துக்குள் எங்கேயோ சிக்கி விடுபட்டதுபோல ஆடி ஆடி எழும்பி, தட்டு இலக்கின் இடது ஓரத்தில் வந்து நின்றது. மயிரிழைதான். உள்ளேதான்.

குணசீலனுக்கும் ஏழு. “காணும் அண்ணை, இது போதும்,” என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

எல்லோரும் துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டு எழும்பினார்கள். நான் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, மண்டியிட்டபடி கோது பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிரோசா வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

“நீங்கள் போய்ச் சொன்னதெண்டு இன்ஸ்பெக்டர் சொன்னவர் சேர்.”

“ஓம் பிள்ளை.”

“அதுக்கு நன்றி.” தொப்பிக்குள் கிடந்த கோதுகளைப் பார்த்தாள். “ஆனா அண்டைக்கு எல்லாரையும் வைச்சு என்னைச் சிரிச்சனீங்கள். அது எனக்கு மறக்காது.”

கையிலிருந்த கோதைத் தொப்பிக்குள் போட்டேன்.

“மறக்காதை,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து, நான் காணாமல் விட்ட இரண்டு கோதுகளை மணலிலிருந்து எடுத்து என் தொப்பிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.